கொழும்பு ஈரக்காற்றில் இத்தாலியன் ஹெர்ப்ஸ் காயவைப்பது எப்படி?

பல்கனித்தோட்டம் (வெள்ளவத்தை) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மரைன் டிரைவ் பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறோம். பல்கனித் தொட்டிகளில் பேசில், ஒரேகானோ, தைம் மூன்றும் நிற்கின்றன. பேசில் வெட்ட வெட்டத் தழைக்கிறது. ரோஸ்மேரி மட்டும் இங்கே பிடிக்கமாட்டேன் என்கிறது. அதை நுவரெலியாவிலிருந்து வருகிற கட்டாக சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு பீட்சா, பாஸ்தா என்றால் உயிர். உள்ளியும் பட்டரும் பூசிச் சுட்ட பாணுக்கும் மேலே அந்த இலைத்தூள் வேண்டும். சின்னக் கண்ணாடிப் போத்தலில் வருகிற இத்தாலியன் சீசனிங் எங்கள் வீட்டில் நிற்பதே இல்லை, விலையும் லேசுப்பட்டதில்லை. வீட்டில் இவ்வளவு இலை இருக்கும்போது ஏன் கடையில் வாங்கவேண்டும் என்று யோசிக்கிறேன்.

பிரச்சினை காயவைப்பதுதான். இணையத்தில் பார்க்கும் செய்முறைகள் எல்லாம் "கட்டாகக் கட்டி சமையலறையில் ஒரு கிழமை தொங்கவிடுங்கள்" என்கின்றன. இது உப்புப் பேணிக்குள்ளேயே உப்புக் கசிகிற ஊர். தொங்கவிட்ட பேசில் காய்வதற்கு முன்பே கறுத்து, காம்புப் பக்கம் பூஞ்சணம் பிடிக்கிறது. இலைகளை உலர்த்துகிற டிஹைட்ரேட்டர் எங்களிடம் இல்லை. காஸ் அவன் இருக்கிறது, பிரிஜ் இருக்கிறது, வெயில் இருக்கிற நாளில் பல்கனியில் வெயிலும் இருக்கிறது.

எந்த இலையை எப்படிக் காயவைப்பது, எந்த அளவில் கலப்பது, கற்பூரவள்ளியை ஒரேகானோவுக்குப் பதிலாகப் போடலாமா, உள்ளித்தூளும் உப்பும் கலந்தே வைக்கலாமா? செய்து பழகியவர்கள் சொன்னால் பெரிய உதவி.


ஐந்தாம்குறுக்கு (கொட்டாஞ்சேனை) எழுதியது:

அக்கா, நான் சின்ன அளவில் பீட்சா ஓர்டர் செய்கிறேன். உண்மையைச் சொன்னால் மினக்கெடத் தேவையில்லை. புறக்கோட்டையில் நான் பேக்கரிச் சாமான் வாங்குகிற கடையில் காய்ந்த ஒரேகானோ, பேசில், தைம் எல்லாம் பெரிய பக்கெட்டில் தனித்தனியாகக் கிடைக்கும். வாங்கிவந்து வீட்டில் கலந்தால் சின்னப் போத்தலைவிட எவ்வளவோ மலிவு. வாங்கும்போது பக்கெட்டை முகர்ந்து பாருங்கள், நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறமாக இருந்தால் பழசு.


பலெர்மோக்காரன் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

தங்கச்சி, தாராளமாகச் செய்யலாம். ஆனால் கலவையாகச் செய்து பெரிய போத்தலில் நிரப்பி வைக்கவேண்டாம். ஒவ்வொரு இலையையும் தனியாகக் காயவைத்து, தனிப் போத்தலில் போட்டு, இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் கலந்து எடுங்கள். நான் சொல்லப் போகிற மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

நான் சிசிலியில், பலெர்மோ நகரில், நீண்ட காலம் சமையலறைகளில் வேலை செய்தவன். அங்கே நம் ஆட்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலையில் ஏறி சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் தமிழ் கேட்காமல் இருக்காது, அதில் பாதிப்பேர் சைவர்கள். பல்லாரோ சந்தையில் ஒரேகானோ கட்டுக்கட்டாக விற்பார்கள், பூவும் காம்பும் சேர்ந்தபடியே, காய்ந்து சாம்பல்பச்சை நிறத்தில். நான் வேலை செய்த எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் "இத்தாலியன் சீசனிங்" என்று ஒரு போத்தலைக் கண்டதில்லை. அது அமெரிக்கக் கடை அலமாரியின் வழக்கம். சிசிலிக்காரர் தக்காளிக்கும் மீனுக்கும் ஒரேகானோ போடுவார்கள், உருளைக்கிழங்குக்கும் ஆட்டிறைச்சிக்கும் ரோஸ்மேரி, பாஸ்தாவுக்கு பேசிலைப் பச்சையாகக் கிள்ளிப் போடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. அதற்காக உங்கள் பிள்ளைகள் விரும்புகிற கலவையைச் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. எந்த இலை காய்ந்தால் நன்றாக இருக்கும், எது காய்ந்தால் வீணாகும் என்று தெரிந்து செய்தால் கடைப் போத்தலைவிட நூறு மடங்கு நல்லதைச் செய்யலாம்.

ஒரேகானோ காய்ந்தால்தான் ருசி. பச்சையில் கொஞ்சம் கசப்பும் புல் வாசமும் இருக்கும், காய்ந்தால் அது அடங்கி மணம் திரண்டு நிற்கும். ஆகவே உங்கள் கலவைக்கு இதுதான் அடித்தளம். பூ மொட்டு வைக்கத் தொடங்கும்போது வெட்டுங்கள், மணம் அப்போதுதான் உச்சம். கொழும்பில் தொட்டி ஒரேகானோ நிறைய மழை குடித்தால் இலை பெரிதாகும், மணம் குறையும். அது கல்லுப்பாங்கான, காய்ந்த மலைச்சரிவுச் செடி. தொட்டியில் பாதிக்குக் கிட்ட மணல் கலந்து, மழை நேரே விழாத, வெயில் படுகிற மூலையில் வையுங்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பிருந்து தண்ணீரைக் குறையுங்கள்.

தைமும் ரோஸ்மேரியும் சிரமம் இல்லாதவை. இலை சின்னது, தோல் தடித்தது, தண்ணீர் குறைவு. இவற்றைக் காம்போடு ஒரு சுளகில் பரப்பி, நிழலில், ஃபான் காற்றில் வைத்தாலே மழையில்லாத நாட்களில் காய்ந்துவிடும். நேர் வெயிலில் வேண்டாம். வெயில் நிறத்தையும் கொண்டுபோகும், வாசனை எண்ணெயையும் கொண்டுபோகும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கொழும்பில் காற்றில் ஈரம் கொஞ்சம் குறைவு, வருடத்துக்கு வேண்டியதை அப்போதே காயவைத்துவிடுவது புத்தி. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வெளியில் வைத்துக் காயவைக்கிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அப்போது கைகொடுப்பது பிரிஜ். ஐஸ் படியாத நோ-ஃப்ரொஸ்ட் வகை பிரிஜ் என்றால் உள்ளே ஓடுகிற காற்று வெளிக்காற்றைவிட நன்றாக உலர்ந்தது. கழுவித் துடைத்த இலையை ஒரு தட்டில் கிச்சன் பேப்பர் விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடாமல் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். சில நாளில் மொறுமொறுவென்று வரும், நிறமும் பச்சையாகவே நிற்கும். கரண்ட் செலவு தனியாக இல்லை, பிரிஜ் எப்படியும் ஓடத்தானே போகிறது. ஒன்று மட்டும்: அந்த நாட்களில் மீன்கறி, நறுக்கிய வெங்காயம் எல்லாவற்றையும் இறுக மூடி வையுங்கள். காய்கிற இலை பக்கத்து வாசனையை எடுத்துக்கொள்ளும்.

இனி பேசில். உங்களிடம் அதுதான் அதிகம் இருக்கிறது என்று தெரிகிறது, ஆனாலும் சொல்கிறேன், பேசிலைக் காயவைப்பதில் எனக்குப் பெரிய விருப்பம் இல்லை. பச்சையில் இருக்கிற அந்த இனிப்பான வாசம் காய்ந்தபின் பெரும்பாலும் இருப்பதில்லை, உலர்ந்த தேயிலை மணம்தான் மிஞ்சும். தொட்டியில் ஆண்டு முழுவதும் பச்சையாகக் கிடைக்கிற ஊரில் அதைக் காயவைத்து என்ன செய்வது? பீட்சா அவனிலிருந்து வெளியே வந்தபின் இலையைக் கையால் கிழித்துப் போடுங்கள். மிச்சத்தை எண்ணெயோடு அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்தால் பாஸ்தா சோஸுக்கு ஒவ்வொரு கட்டியாக எடுக்கலாம். இல்லை, கலவைக்குக் காய்ந்த பேசில்தான் வேண்டும் என்றால், கொதிநீரில் சில விநாடிகள் மட்டும் அமிழ்த்தி எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, நன்றாக ஒற்றித் துடைத்து, பிரிஜில் காயவையுங்கள். கறுக்கிறது மிகவும் குறையும். கட்டாகத் தொங்கவிட்டால் நடுவில் காற்று போகாது, அதனால்தான் பூஞ்சணம்.

கற்பூரவள்ளி பற்றிக் கேட்டீர்கள். மணம் ஒரேகானோவின் குடும்பத்து ஆள் போலவே இருக்கும். ஆனால் அந்த இலை முழுக்கத் தண்ணீர், காயும்போது ஒன்றும் மிஞ்சாது. பச்சையாகப் பொடியாக நறுக்கித் தக்காளி சோஸ் கொதிக்கும்போது போடுங்கள், அருமையாக இருக்கும். காயவைக்க வேண்டாம்.

காய்ந்ததா என்று பார்க்க, இலை விரலில் நொறுங்கவேண்டும், காம்பு வளையாமல் டக்கென்று முறியவேண்டும். அப்போதும் நம்பாமல் ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி ஒரு இரவு வையுங்கள். காலையில் உள்பக்கம் பனித்திருந்தாலோ இலை மறுபடி துவண்டிருந்தாலோ மறுபடி பிரிஜுக்கு. இந்த ஊரில் இந்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது.

தூளாக்கி வைக்காதீர்கள். இலை முழுதாக இருக்கிறவரை எண்ணெய் அதற்குள்ளே இருக்கும். கலக்கும்போது கையால் நொறுக்குங்கள், ரோஸ்மேரியை மட்டும் உரலில் இடித்து அரிதட்டில் அரியுங்கள். அது முழு ஊசியாக இருந்தால் பிள்ளைகளின் பல்லில் குத்தும். அளவு என் கைக்கணக்கில், ஒரேகானோ மூன்று மேசைக்கரண்டி, தைம் ஒன்று, இடித்த ரோஸ்மேரி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, பேசில் காய்ந்தது இருந்தால் இரண்டு. ஒரேகானோவுக்கு உறவான மார்ஜோரம் இலை கிடைத்தால் ஒன்று, கிடைக்காவிட்டால் தேடி அலையவேண்டாம். ரோஸ்மேரி கூடினால் கற்பூர வாசம் மேலோங்கிவிடும். அதில் மட்டும் கையைக் கட்டுப்படுத்துங்கள்.

பிறகு, போத்தலைக் கொதிக்கிற சட்டிக்கு மேலே பிடித்துத் தட்டவே வேண்டாம். ஆவி உள்ளே போனால் நீங்கள் பட்ட பாடு முழுக்க வீண். உள்ளங்கையில் எடுத்து, மற்றக் கையால் தேய்த்துப் போடுங்கள்.


பல்கனித்தோட்டம் எழுதியது:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிகவும் நன்றி. பிரிஜில் காயவைக்கலாம் என்பது நான் கேள்விப்படாதது. எங்களுடையது நோ-ஃப்ரொஸ்ட் தான். பேசிலை உறையவைக்கிற யோசனையும் நல்லது, பிள்ளைகளுக்கு அந்தப் பச்சை நிற சோஸ் பிடிக்கும்.

உள்ளித்தூள், உப்பு பற்றி யாராவது சொல்லுங்களேன். அவசரத்துக்கு மைக்ரோவேவ் சரிவருமா? காஸ் அவனைப் பாவிக்கவே கூடாதா?


லேப்கோட் (தெஹிவளை) எழுதியது:

உணவு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் சில விஷயங்களைச் சேர்க்கிறேன். பலெர்மோ அண்ணா தனித்தனியாகக் காயவைக்கச் சொன்னது மிகச் சரி, அதற்குக் காரணம் இலையில் உள்ள தண்ணீர். பச்சை பேசிலில் 92 வீதம் தண்ணீர், ரோஸ்மேரியிலும் தைமிலும் 65 முதல் 68 வீதம். நூறு கிராம் பேசில் இலை காய்ந்தால் பத்துக் கிராம் கூடத் தேறாது, அதே அளவு ரோஸ்மேரியில் முப்பதுக்கு மேல் நிற்கும். ஒரே தட்டில் வைத்தால் தைம் காய்ந்து தூளாகும் நேரத்தில் பேசில் இன்னும் ஈரமாகவே இருக்கும்.

டிஹைட்ரேட்டர் வாங்குகிற எண்ணம் இருந்தால், வாசனை இலைகளுக்குப் பொதுவாகச் சொல்லும் வெப்பம் 35 முதல் 46 பாகை செல்சியஸ். ஆனால் காற்றில் ஈரம் கூடிய இடங்களில் 50 பாகையைச் சற்றுத் தாண்டினாலும் பரவாயில்லை என்றுதான் வழிகாட்டல்கள் சொல்கின்றன. கொழும்பு அந்த வகை. மெதுவாகக் காயவைத்துப் பூஞ்சணம் பிடிப்பதைவிடக் கொஞ்சம் மணத்தை இழப்பது மேல். காஸ் அவனில் மிகக் குறைந்த சூடே இதற்கு அதிகம். கேக் சுட்டபின் அடுப்பை அணைத்து, கதவைத் திறந்து, கை வைக்கிற அளவு சூடு இறங்கியபின் தட்டை உள்ளே வைக்கலாம். மைக்ரோவேவில் இரண்டு கிச்சன் பேப்பருக்கு நடுவில் கொஞ்ச இலை வைத்து, அரை நிமிடம் அரை நிமிடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். பக்கத்திலேயே நிற்கவேண்டும், காய்ந்த இலையும் பேப்பரும் தீப்பிடிக்கக்கூடியவை.

உள்ளித்தூளும் உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கலந்து வைத்தால் போத்தல் முழுதும் கட்டிபடும். சமைக்கும்போது தனியாகப் போடுங்கள்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். நிறையப் பேர் பச்சை உள்ளியையும் இலைகளையும் எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்று. செய்யாதீர்கள். எண்ணெய்க்குள் காற்று இல்லை, உள்ளியில் போதிய புளிப்பும் இல்லை. பொட்டுலிசம் என்ற உயிராபத்தான உணவு நஞ்சூட்டலை உண்டாக்குகிற கிருமிக்கு இது மிகவும் வசதியான இடம், நஞ்சு உருவானாலும் மணத்தில் தெரியாது. அப்படி எண்ணெய் வேண்டுமென்றால் அன்றைக்குச் செய்து பிரிஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள்.

தைம் கைவசம் இல்லாத நாளில் ஒரு சிட்டிகை ஓமம் நசுக்கிப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் மணம் தருகிற முக்கியமான பொருள் தைமோல் தான். கற்பூரவள்ளிக்கும் ஒரேகானோவுக்கும் பொதுவானது கார்வக்ரோல். ஓமம் காரமானது, அளவு குறைவாக இருக்கட்டும்.


ஐந்தாம்குறுக்கு எழுதியது:

பலெர்மோ அண்ணா சொல்வது வீட்டுக்குச் சரி. ஓர்டர் செய்கிற எனக்கு ஒவ்வொரு தடவையும் நாலு போத்தல் திறந்து அளந்துகொண்டிருக்க நேரம் இல்லை. வாடிக்கையாளருக்கு ஒரே ருசி வரவேண்டும், அதனால் கலந்துதான் வைக்கவேண்டியிருக்கிறது. அதோடு பேசில் இல்லாத கலவையை ஆட்கள் ஏற்கமாட்டார்கள், "ஏதோ குறைகிறதே" என்பார்கள்.


பலெர்மோக்காரன் எழுதியது:

தம்பி, வியாபாரத்துக்கு நீங்கள் சொல்வது நியாயம். கலந்தே வையுங்கள், ஆனால் ஒரு கிழமைக்கான அளவு மட்டும். பெரிய பக்கெட்டை ஒவ்வொரு நாளும் திறக்காமல், அதிலிருந்து சின்னப் போத்தலுக்கு எடுத்துப் பாவியுங்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொழும்புக் காற்று உள்ளே போகிறது. பீட்சாவில் ஒரேகானோவை சோஸின் மேலே, சீஸுக்குக் கீழே தூவிப் பாருங்கள். மேலே தூவினால் அவன் சூட்டில் கருகிக் கசக்கும்.

லேப்கோட் தங்கச்சி எண்ணெய் பற்றிச் சொன்னதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். அங்கே மீனுக்கு ஊற்றுகிற சல்மொரில்யோ என்று ஒன்று உண்டு. ஒலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, நசுக்கிய உள்ளி, காய்ந்த ஒரேகானோ, கொஞ்சம் வெந்நீர், உப்பு. எல்லாவற்றையும் அடித்துக் கலக்கி, சுட்ட வாள்மீனில் சுடச்சுட ஊற்றுவார்கள். அதை எந்தச் சமையற்காரரும் போத்தலில் அடைத்து வைப்பதில்லை, மீன் சுடும் நேரத்துக்குத்தான் அடிப்பார்கள். இங்கே தளபத் மீன் துண்டில் செய்யுங்கள், எலுமிச்சைக்குத் தேசிக்காய். நல்ல ஒரேகானோ எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. பலெர்மோவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களிடம் நான் இன்னும் ஒரேகானோக் கட்டுத்தான் கேட்கிறேன், சொக்லேட் கேட்பதில்லை.


பல்கனித்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தைமையும் ஒரேகானோவையும் இந்தக் கிழமையே வெட்டிப் பிரிஜில் வைக்கிறேன். பேசிலில் பாதியை உறையவைத்து, பாதியைக் கொதிநீர் முறையில் காயவைத்துப் பார்க்கிறேன், கலவையில் பிள்ளைகள் அதைத் தேடுவார்கள். ரோட்டுத் தூசி எங்கள் பல்கனிக்கு நிறைய வரும், கழுவாமல் காயவைக்க மனம் வராது.

கடைசியாக ஒரு கேள்வி. பலூடாவுக்குப் போடுகிற கசகசா விதையைப் போட்டால் பேசில் முளைக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். இத்தாலியன் பேசிலுக்குப் பதிலாகுமா?


பலெர்மோக்காரன் எழுதியது:

முளைக்கும். அது பேசில் விதைதான், கடையில் பழசாகக் கிடந்ததாக இல்லாவிட்டால் சில நாளில் தளிர் வரும். ஆனால் இலை சின்னதாக இருக்கும், பெருஞ்சீரக வாசம் தூக்கலாக இருக்கும். மீன் சூப்புக்கும் கோழிக்கும் நன்றாகச் சேரும், பீட்சாவுக்கு ருசி மாறிப்போகும். உங்கள் பெரிய இலைச் செடியிலேயே பூ வருவதற்கு முன் நுனியைக் கிள்ளி, ஒரு துண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். புதுத் தொட்டிக்கு அதுவே போதும்.

இலையைக் கழுவியபின் துணியில் உருட்டி ஈரத்தை முழுதாக எடுங்கள், பிறகுதான் தட்டில் பரப்பவேண்டும். ரோஸ்மேரிக் கட்டு சுப்பர்மார்க்கெட்டில் வாங்கும்போது பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் கோத்திருந்தால் எடுக்காதீர்கள், அடி இலை அழுகத் தொடங்கியிருக்கும்.